பத்து வரை எண்ணிப் பழகுவோம்: ஆட்டிசம் உள்ளவரைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போவது

மாலை ஆறரை மணி. டோக்கன் எண் 11. உள்ளே இன்னும் நாலாவது ஆளே முடியவில்லை. சுவரில் டிவி ஓடுகிறது, அடுத்த அறையில் பல்லைக் குடையும் ஏரோட்டார் மெஷின் கிறீச்சிடுகிறது, யார் வீட்டுக் குழந்தையோ வீறிட்டு அழுகிறது. கிராம்பு எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை. செருப்பை வாசலிலேயே கழற்றச் சொன்னதால் வெறுங்காலுக்கு அடியில் ஏசியில் சில்லிட்ட டைல்ஸ். இத்தனையையும் முக்கால் மணி நேரம் தாங்கிக்கொண்ட பிள்ளையைத்தான் உள்ளே கூப்பிட்டு, "ஆ காட்டு கண்ணா" என்கிறோம். பல் டாக்டரிடம் போய்ப் பாதியில் திரும்பிவரும் குடும்பங்கள் பலவற்றுக்கும் காரியம் கெடுவது இந்தக் காத்திருப்பில்தான். டாக்டர் கண்ணாடியைக் கையில் எடுப்பதற்கு முன்பே பிள்ளையிடம் இருந்த பொறுமையெல்லாம் தீர்ந்துபோயிருக்கும்.

அதனால் வேலை போனில் தொடங்குகிறது. அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே ஆட்டிசம் என்பதைச் சொல்லிவிடுங்கள். காலையில் திறக்கும் கிளினிக் என்றால் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். மாலை மட்டும் பார்ப்பவர் என்றால் டோக்கன் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வரலாமா என்று கேளுங்கள். இரண்டும் முடியாவிட்டால், வெளியே ஆட்டோவிலோ மரத்தடியிலோ இருக்கிறோம், முறை வந்ததும் போன் செய்யுங்கள் என்று சொல்லலாம். கேட்டால் பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். பிள்ளை உள்ளே இருக்கும் பதினைந்து நிமிடம் டிவியை அணைத்துவைப்பார்களா, பக்கத்து சேரில் மெஷின் ஓடாமல் பார்த்துக்கொள்வார்களா, சாக்ஸோடு உள்ளே வரலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள். டாக்டரின் பெயரோடு உதவியாளரின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சேருக்குப் பக்கத்திலேயே நின்று, எச்சிலை உறிஞ்சும் சக்ஷன் குழாயைப் பிடித்து, பிள்ளையின் முகத்துக்கு மிக அருகில் இருப்பவர் அவர்தான். ஒவ்வொரு முறையும் அதே உதவியாளர், அதே அறை என்று அமைந்தால் பாதி பாரம் குறையும்.

போவதற்கு முன் ஒரே ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எப்படிப் பேசுவார் அல்லது எதைக் காட்டித் தன் விருப்பத்தைச் சொல்வார், எது தாங்காது (தலையைத் தொடுவது, திடீர்ச் சத்தம், புதினா வாடை), எது அமைதிப்படுத்தும், உடைந்து அழுவதற்கு முன் என்ன அறிகுறி தெரியும், என்ன மருந்து சாப்பிடுகிறார். கடைசியாகச் சொன்ன மருந்துப் பட்டியலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறையக்கூடும். பல் எடுக்கும் முன் அந்த எண்ணிக்கையைப் பார்த்தாக வேண்டும். வலிப்புக்கே தரும் இன்னொரு மருந்தான ஃபெனிடாயின் சாப்பிட்டால் ஈறு தடித்து வளரலாம். கவனக் குறைபாட்டுக்குத் தரும் மெதில்ஃபெனிடேட் வாயை உலர்த்தும், உலர்ந்த வாயில் சொத்தை வேகமாகப் பரவும். இதெல்லாம் தெரியாமல் டாக்டர் "சரியா பிரஷ் பண்றதில்லையா?" என்று அம்மாவைக் கேட்பது எத்தனையோ இடத்தில் நடக்கிறது.

யாரிடம் போவது? குழந்தைகள் பல் மருத்துவம் படித்தவர், அதாவது பீடோடான்டிஸ்ட், சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளைக் கையாளுவதையும் சேர்த்தே மூன்று வருட மேற்படிப்பில் படித்தவர். வளர்ந்தவர்களையும் பார்க்கிற பீடோடான்டிஸ்ட்கள் உண்டு. 25 வயதுக்காரரைக் கூட்டிப்போக வேண்டுமென்றாலும் கூச்சப்படாமல் கேளுங்கள். 18 வயது வரை உள்ளவர்களுக்கு, மாவட்ட அரசு மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் டி.இ.ஐ.சி., அதாவது பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம், ஒரு வழி. அதன் குழுவில் பல் மருத்துவருக்கும் இடம் உண்டு. பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவு குறைவு, மயக்கம் கொடுத்துச் செய்யும் வசதியும் எளிதில் கிடைக்கலாம். ஆனால் ஒரே கூடத்தில் வரிசையாகப் பல சேர்கள், சத்தம், ஒவ்வொரு முறையும் வேறு மாணவர். அங்கே போவதென்றால் துறைத் தலைவரைப் பார்த்து, தனி அறையும் ஒரே ஆளும் வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

வீட்டுச் சாய்வு நாற்காலியில்

இனி வீட்டில் செய்ய வேண்டிய ஒத்திகை. இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள், தினமும் ஐந்து நிமிடம் போதும், ஒரே நேரத்தில். தாத்தாவின் சாய்வு நாற்காலி இருந்தால் அதைவிட நல்ல கருவி வேறில்லை. இல்லாவிட்டால் கட்டிலில் படுத்து, தலையை அம்மாவின் மடியில் வைத்தால் போதும். முதல் இரண்டு நாள் சாய்ந்து படுப்பது மட்டும். மூன்றாம் நாள் கன்னத்தின் மேல் அழுத்தமாகக் கை வைப்பது. அப்புறம் உதட்டைத் தூக்கிப் பார்ப்பது, பிறகு வாய் திறந்து டார்ச் அடிப்பது, பிறகு குளிர்ந்த ஸ்டீல் ஸ்பூனின் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணுவது. கிளினிக்கில் வரும் வாய்க் கண்ணாடிக்கு இந்த ஸ்பூன் காம்புதான் ஒத்திகை.

எண்ணுவதில்தான் எல்லாம் இருக்கிறது. "பத்து எண்ணுவேன், பத்தில் நிறுத்துவேன்" என்று சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று என ஒரே வேகத்தில் எண்ண வேண்டும். பத்து வந்ததும் ஸ்பூன் வெளியே, கை கீழே, வாயை மூடிக்கொள்ளலாம். பிள்ளை நன்றாக ஒத்துழைக்கிறான், இன்னும் இரண்டு பல்தான் பாக்கி என்று ஆசைப்பட்டுப் பன்னிரண்டு வரை போய்விடுவோம். அங்கேதான் உடைகிறது. அன்றைக்கு அவன் ஒன்றும் சொல்லமாட்டான். மறுநாள் எட்டு வரும்போதே பல்லைக் கடித்து மூடிக்கொள்வான், ஏனென்றால் பத்து என்பதற்கு இப்போது அர்த்தமில்லை. பாக்கி இரண்டு பல்லை அடுத்த பத்தில் எண்ணிக்கொள்ளலாம். டாக்டரிடமும் இதே கணக்கைச் சொல்லி, பத்தில் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லுங்கள். அவரும் நிறுத்திவிட்டால், எங்கே போனாலும் இந்த ஒப்பந்தம் செல்லும் என்பது பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். அதன் பிறகு பத்தை இருபதாக்குவது பெரிய விஷயமே இல்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டால்.

சத்தத்துக்கும் ஒத்திகை உண்டு. மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொள்கிற பிள்ளைக்கு ஏரோட்டார் சத்தம் என்ன பாடுபடுத்தும் என்று யோசித்துப் பாருங்கள். கிளினிக்கில் ஒரு நிமிடம் போனில் பதிவு செய்துகொண்டு வந்து, அவனுக்குப் பிடித்த வேலை நடக்கும்போது மிகக் குறைந்த ஒலியில் ஓடவிட்டு, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். காது மூடும் ஹெட்போன் உதவும், ஆனால் அதோடு நிறுத்தினால் ஏமாந்துபோவோம். மெஷின் பல்லைத் தொட்டதும் அதிர்வு தாடை எலும்பு வழியாகவே உள்காதுக்குப் போகிறது, காதை எவ்வளவு மூடினாலும் அது நிற்காது. ஹெட்போன் போட்டும் அலறினான் என்பதற்குக் காரணம் இதுதான். அதிர்வுக்குப் பழக்க பேட்டரி டூத்பிரஷ் போதும். முதலில் உள்ளங்கையில், பிறகு முழங்கையில், கன்னத்தின் வெளிப்பக்கம், தாடை நுனி, உதடு, கடைசியில் கடைவாய்ப் பல். ஒரு படியில் முகம் சுளித்தால் அன்றைக்கு முந்தைய படிக்குத் திரும்பி, அங்கேயே முடியுங்கள்.

நடக்கப் போவதை வரிசையாகக் காட்டும் படங்கள் வேண்டும் என்று தெரபியில் சொல்லியிருப்பார்கள். கார்ட்டூன் படம் வேண்டாம், அந்தக் கிளினிக்கின் நிஜப் படங்களையே எடுங்கள். வாசல், செருப்பு வைக்கும் இடம், சேர், மேலே உள்ள விளக்கு, துப்பும் தொட்டி, டாக்டர் மாஸ்க் இல்லாமல், அதே டாக்டர் மாஸ்க் போட்டு, திரும்பி வரும் வழி. எட்டுப் படம் போதும். இவற்றோடு கடைசியாக ஒரு படம், முடிந்ததும் கிடைக்கப் போவது: ஊஞ்சல், பஸ் பயணம், எதுவானாலும் உறுதியாகக் கிடைப்பது. மழை வந்தால் பூங்கா மூடிவிடும் என்றால் பூங்காவைப் போடாதீர்கள்.

முதல் முறை ஒன்றும் செய்யாமல் வருவது

வலி, வீக்கம் இல்லாத நிலையில் முதல் முறை போகும்போது சிகிச்சை கிடையாது. சேரைத் தொட்டுப் பார்ப்பது, இரண்டு நிமிடம் உட்காருவது, கிளம்புவது. இதற்குக் கன்சல்டேஷன் பணம் கொடுக்க வேண்டுமா என்று வீட்டில் கேட்பார்கள். கொடுங்கள், பிரச்சினை வந்த பிறகு ஆகும் செலவில் இது தூசு. இரண்டாவது முறை ஸ்பூனுக்குப் பதில் கண்ணாடி, பத்து எண்ணிக்கை. மூன்றாவதில் வீட்டு பிரஷைக் கொண்டுபோய் டாக்டர் கையால் தேய்ப்பது. வாரம் ஒருமுறை போனால் பழக்கம் தொடரும். மாதக்கணக்கில் இடைவெளி விட்டால் முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். சில பிள்ளைகளுக்கு இரண்டே முறை போதும், சிலருக்கு எட்டு முறை ஆகும்.

சேரில் பார்க்க வேண்டியவை சின்னச் சின்னவை. சேரை முன்கூட்டியே சாய்த்து வைத்து அதன் பிறகு ஏறச் சொல்லுங்கள். உட்கார்ந்தவரை மெஷின் பின்னால் சாய்க்கும்போது உடல் சமநிலை குலைந்து விழுவது போலத் தோன்றும், அந்த நொடியில் எழுந்து ஓடியவர்கள் அநேகம். மேலே உள்ள பெரிய விளக்கை அணைத்துவிட்டு டாக்டர் தலையில் மாட்டும் விளக்கைப் பயன்படுத்தலாம், பிள்ளைக்குக் கூலிங் கிளாஸ் போடலாம். எக்ஸ்ரே எடுக்கும்போது போர்த்தும் கனமான ஈய ஏப்ரன் பல இடங்களில் இருக்கிறது. அதை மார்பிலிருந்து தொடை வரை போர்த்திவிட்டால், அந்த ஆழ்ந்த அழுத்தம் பலருக்கு இறுக்கத்தைத் தளர்த்தும். பிடிக்காதவர்களும் உண்டு, அதனால் வீட்டில் கனமான போர்வையை வைத்து முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். தொடும் கை அழுத்தமாக, நகராமல் இருக்கட்டும். கன்னத்தை மெதுவாக வருடிக்கொடுப்பது நமக்கு அன்பு, தொடு உணர்வு கூர்மையான தோலுக்கு அது அரிப்பு.

தண்ணீரும் காற்றும் பீய்ச்சும் குழாய்தான் வாய்க்குள் மிக மோசமான அதிர்ச்சி. முதல் சில முறை அது வேண்டாம், பஞ்சு உருளை வைத்து உலர்த்துங்கள் என்று கேட்கலாம். சக்ஷனை முதலில் உள்ளங்கையில் வைத்து இழுக்க விட்டு, பிறகு ஸ்ட்ரா போல உதட்டால் பிடிக்கச் சொன்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. பாலிஷ் செய்யும் பேஸ்ட் மணல் போல நறநறக்கும், புதினாவும் எரியும். வீட்டுப் பேஸ்டையே கொண்டுபோய்க் கொடுங்கள்.

பேச்சிலும் கவனம் தேவை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். அம்மா, டாக்டர், உதவியாளர் மூவரும் ஒன்றாகத் தைரியம் சொன்னால் அது இரைச்சல். 1959-இல் ஆடெல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் எழுதிவைத்த 'சொல், காட்டு, செய்' முறையைத்தான் இன்றும் எல்லாக் கல்லூரியிலும் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவருக்கு அதில் சொல்வதைக் குறைத்துக் காட்டுவதைக் கூட்ட வேண்டும். நம் ஊர் வழக்கில் வாய்க்கு வருகிற சில வாக்கியங்களை அடியோடு விட்டுவிடுங்கள். "பல்லில் பூச்சி இருக்கு" என்றால், சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிற பிள்ளைக்குத் தன் வாயில் நிஜமாகவே ஒரு பூச்சி ஊர்கிறது. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றால் எறும்பைத் தேடும். "ஒரு நிமிஷம்" என்றால் 60 விநாடி, அதற்கு மேல் போனால் அது பொய். "பல்லில் ஒரு ஓட்டை இருக்கிறது, அடைக்கிறோம், இருபது எண்ணுவேன்" என்பதே போதும்.

பேசத் தெரிந்த, வளர்ந்த ஆட்டிஸ்டிக் ஆட்களிடம் இந்தத் தவறு வேறு மாதிரி நடக்கிறது. 28 வயதுக்காரரை விட்டுவிட்டு அவர் அம்மாவிடம், "தம்பிக்கு வலிக்குதா?" என்று கேட்பார்கள். அவரையே "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேட்டு, பதிலுக்குப் பத்து விநாடி காத்திருக்க வேண்டும். கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவேன் என்ற வாக்கும், அதைக் காப்பாற்றுவதும் அவருக்கும் தேவை.

எந்தச் சிகிச்சை எளிது

ஆரம்பத்திலேயே போனால் மெஷினே தேவைப்படாத வழிகள் உண்டு. 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூச ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், எச்சில் பட்டதும் இறுகிவிடும். பல்லில் சில மணி நேரம் பிசுபிசுப்பாக இருக்கும் என்பதை முன்பே சொல்லிவைக்காவிட்டால் விரலால் சுரண்டி எடுத்துவிடுவார்கள். சொத்தை விழுந்த பாற்பல்லுக்கு 38 சதவீத சில்வர் டயமைன் ஃபுளோரைடு ஒரு சொட்டு, ஒரு நிமிடம். ஊசி இல்லை, குடைதல் இல்லை, சொத்தை அங்கேயே நிற்கும் வாய்ப்பு அதிகம். குறை என்னவென்றால் சொத்தை இருந்த இடம் கன்னங்கரேலென்று கறுத்துவிடும், அது போகாது. உதட்டில் பட்டால் வரும் கறை சில நாளில் மறையும், சட்டையில் பட்டால் போகாது. முன்பல் என்றால் குடும்பத்தில் எல்லோரும் கலந்து பேசிவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள், பிறகு பாட்டி அழுவது இதற்குத்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டிவரும், வெள்ளி ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது. பாற்பல் கடைவாயில், குடையாமல் ஊசி போடாமல் ஸ்டீல் கேப்பை அப்படியே அழுத்தி மாட்டும் ஹால் முறையும் உண்டு. சில வாரம் வரை கடி உயர்ந்ததுபோல் இருக்கலாம், பிறகு தானே சரியாகும்.

ஊசி போட்டே ஆக வேண்டுமென்றால், மரத்துப்போகும் மருந்தை ஸ்பிரே செய்ய வேண்டாம், ஜெல் தடவுங்கள் என்று கேளுங்கள். ஸ்பிரே தொண்டைக்கும் பரவி, விழுங்க முடியாததுபோல் திகிலூட்டும். ஊசிக்குப் பிறகு உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும், மரத்தே இருக்கும். அந்தப் புது உணர்வு என்னவென்று பார்க்க உதட்டையே மென்று புண்ணாக்கிக்கொள்வது மிகச் சாதாரணம். மறுநாள் வீங்கி வெள்ளையாகத் தெரியும் அந்தப் புண்ணைச் சீழ் என்று நினைத்துப் பயந்து ஓடிவருவார்கள். மரப்பு விடும்வரை சாப்பாடு வேண்டாம், ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பல பற்கள் கெட்டு, வலியும் இருந்து, எந்தப் படியும் பலிக்கவில்லை என்றால் முழு மயக்கத்தில் ஒரே நாளில் முடிப்பது நல்ல முடிவு. அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். லேசான உணவு 6 மணி நேரம் முன்பும் வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். காலை முதல் கேஸாக நேரம் வாங்கினால் பட்டினி குறையும். அன்றைக்கு வீட்டில் யாரும் அவர் கண்ணெதிரே இட்லி சாப்பிடாமல், சமையலறை வழியாகப் போகாமல் கிளம்புங்கள். மாஸ்க் வழியே மயக்கி, தூங்கிய பிறகு கையில் ஊசிக் குழாய் போட முடியுமா, முழுதாக விழிக்கும் முன் அதைக் கழற்ற முடியுமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள். விழித்ததும் அதைப் பிடுங்கி ரத்தம் வருவதுதான் வழக்கமான ரகளை. அதே மயக்கத்தில் ரத்தப் பரிசோதனை, காது பார்ப்பது, நகம் வெட்டுவது என்று தள்ளிப்போட்ட வேலைகளையும் முடிக்கலாம், முன்பே ஏற்பாடு செய்தால்.

சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்ஸைடு, மூக்கில் மாஸ்க்கை வைத்து மூக்கால் மூச்சிழுப்பவருக்குத்தான் பலிக்கும். மாஸ்க்கை ஒரு வாரம் வீட்டுக்குக் கடனாக வாங்கிப் பழக்கினால் உண்டு, திடீரென்று வைத்தால் வீண்.

கை காலைப் பிடித்து அமுக்கி வேலையை முடிப்பது பற்றி எங்கள் கருத்து தெளிவானது. வழக்கமான செக்கப்புக்கும் க்ளீனிங்குக்கும் கூடவே கூடாது. ஐந்து நிமிடத்தில் ஒரு பல் முடியும், அதற்குப் பிறகு பல வருடம் அந்தத் தெருவுக்கே வரமாட்டார். ஆனால் முகம் வீங்கிக் கண் மூடிக்கொள்கிறது, தாடைக்கடியில் வீக்கம், காய்ச்சல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் ஒத்திகைக்கெல்லாம் நேரமில்லை. நேரே பெரிய மருத்துவமனை.

வலியைச் சொல்லத் தெரியாதவர்களிடம் அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். திடீரென்று கன்னத்தில் அறைந்துகொள்வது, தலையை மோதுவது, கையைக் கடிப்பது, ஒரே பக்கமாக மெல்லுவது, பிடித்த முறுக்கை ஒதுக்குவது, குளிர்ந்த தண்ணீரை மறுப்பது, இரவில் விழித்து அழுவது: இவை புதிதாக வந்தால் நடத்தை மருந்தைக் கூட்டும் முன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

சொத்தை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தெரபியில் ஒவ்வொரு சரியான பதிலுக்கும் ஒரு சாக்லேட் மணி, ஒரு துண்டு பிஸ்கட் என்று ஒரு மணி நேரத்தில் முப்பது முறை வாய்க்கு இனிப்பு போகிறது. பல் அரிப்பது இனிப்பின் அளவைவிட அது வாய்க்குப் போகும் தடவையைப் பொறுத்தது. பொரி, வேர்க்கடலை, குமிழி ஊதுவது என்று பரிசை மாற்றச் சொல்லுங்கள். இரவு சிரப் மருந்து கொடுத்தால் பிரஷுக்கு முன்னால் கொடுங்கள். நுரை பிடிக்காதவருக்குப் பேஸ்ட் இல்லாமல் தொடங்கி, 1000 பிபிஎம் ஃபுளோரைடு பேஸ்டை 3 வயதுக்குள் அரிசியளவும், அதற்கு மேல் பட்டாணியளவும் மெல்ல மெல்லச் சேர்க்கலாம்.

செலவுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆட்டிசம் உள்ளவருக்கு வருடம் 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, வயது வரம்பு கிடையாது. பில்லையும் மருத்துவர் சீட்டையும் அன்றன்றே பத்திரப்படுத்துங்கள்.

ஒவ்வொரு முறை முடிந்ததும், கிளினிக் வாசலிலேயே அந்த ஒரு பக்கத் தாளை எடுத்து எது பலித்தது, எந்த எண்ணிக்கையில் சிணுங்கினார் என்று குறித்துவிடுங்கள். கடைசிப் படத்தில் இருந்தது ஊஞ்சல் என்றால் நேரே ஊஞ்சலுக்குப் போங்கள், வழியில் மருந்துக்கடை கூட வேண்டாம். கிளம்பும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், சேரில் அவர் உட்கார்ந்திருக்கும் படம். அடுத்த முறை எட்டுப் படத்தில் மூன்றாவதாக அதைச் சேர்க்கலாம்.